ஆறாவது கிண்ணம்

உன் தங்கை நேற்று ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்காவோட புக்கு. உங்க கிட்டயே குடுத்துடச் சொன்னாங்க அம்மி" என்றாள். பையைத் திறந்ததுமே ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது, வாடை போகவில்லை. மேலே அந்த ஜப்பான் பேய்ப் படக்கதை. அதற்குக் கீழே நாம் படித்து முடிக்காத துப்பறியும் நாவல். அதன் கடைசி அத்தியாயம் நீ தைத்தபடியே இருக்கிறது. கறுப்பு நைலான் நூல், அளந்து வைத்த மாதிரி தையல். அடிப்பாவி, புத்தகத்தில்கூட உனக்குத் தையல் கோணவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் நீ. நீ தைத்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற மேசையில் நான். கொலைக் கதை கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிடுவது என் புத்தி. அது உனக்கு ஆகாது. ஜப்பான் நாவல் எது தமிழில் வந்தாலும் வாங்கி, கடைசி அத்தியாயத்தை ஊசியால் தைத்து மூடிவிட்டுத்தான் என்னிடம் தருவாய். கொலைகாரன் யார் என்று நான் சொன்ன பிறகுதான் கத்தரியை எடுப்பாய். ஒருநாளும் நான் சரியாகச் சொன்னதில்லை. "கத்தி புடிச்சவனையே பாக்கற நீ. பாத்துட்டு சும்மா இருந்தவன் எவன்னு பாரு. கதை அவனாண்டதான் இருக்குது" என்பாய்.

படக்கதைகள் இங்கிலீஷில் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் அதை நீ உருது கலந்த தமிழில் சொல்லச் சொல்ல, லைனில் பாதிப் பேர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஜப்பான்காரன் எழுதினது, வெள்ளைக்காரன் மாற்றினது, கடைசியில் உன் வாயில் விழுந்து ஆம்பூர்ப் பேயாகிவிடும்.

அந்த ஆறாவது கிண்ணத்துக் கதையை மட்டும் நீ சொல்வதற்குள் நானே எடுத்துப் பார்த்துவிட்டேன். நம் புத்தகம் போல இடப் பக்கமிருந்து திறந்தேன். ஜப்பான் படக்கதையை வலமிருந்து படிக்க வேண்டும் என்பது எனக்கு எங்கே தெரியும்? வலமிருந்தே எழுதுகிற உருதுவைப் பள்ளியில் படித்த உனக்கு அது கைப்பழக்கம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இன்னாடி, பொணத்தத் தூக்கினப்புறம் ஜுரத்துக்கு மாத்திரை தேடற?"

கதை இதுதான். ஒரு வீட்டில் ஐந்து பேர். சாப்பிட உட்கார்ந்தால் ஆறாவதாக ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு மட்டும்தான் அவள் தெரிகிறாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் பயப்படுவார்களே என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அவள் தினமும் ஓர் இடம் நகர்ந்து, வீட்டின் மூத்த பெண்ணை நெருங்குகிறாள். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் தெரியும். ஐந்து பேருமே முதல் நாளிலிருந்து அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நாள் ரகசியமாக ஆறாவது கிண்ணத்தில் சோறு போட்டும் வந்திருக்கிறார்கள். நான் தப்பாகத் திறந்ததால் முதலில் பார்த்ததே அந்தப் பக்கத்தைத்தான்.

"யாராச்சும் ஒருத்தி வாயத் தொறந்திருந்தா அது எழுந்து போயிருக்கும்டி" என்றாய் நீ. சொன்னது நீதான், நினைவிருக்கட்டும்.

அதே வருடம்தான், உடை மாற்றுகிற அறையில் என் கையைப் பிடித்து இழுத்து உன் இடது மார்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினாய். வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. "வா, இன்னிக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"தங்கச்சி நிக்காஹ் முடியட்டும். வீட்ல பொம்பளைக்கு இந்த வியாதின்னா மாப்ள வீட்ல பின்வாங்குவாங்க. அம்மிகிட்ட மூச்சு விட்ட, அப்புறம் நீ யாரோ நான் யாரோ."

நீ என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன். உன் உயிர் போய்விடும் என்று பயப்படத் தெரியவில்லை எனக்கு. நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. தோலில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிறவள் நான். தினமும் எதிரில் உட்கார்ந்து நீ இளைப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். தங்கையின் நிக்காஹ் பிரியாணியையும் சாப்பிட்டேன். அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய், நான் தரையைப் பார்த்தேன்.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன்னைப் பெற்ற அம்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனுக்கு முன்னாடியே தெரியுமா பேட்டா?" என்று கேட்டார். "தெரியாது அம்மி" என்றேன். உன்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் சொல்லி முடியாது. செத்தும் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே.

நேற்று அந்தப் பையைப் பார்த்த பிறகு தாங்கவில்லை. இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். அம்மி என்னை அடித்தாலும் சரி, வெளியே போ என்றாலும் சரி என்றுதான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மி அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"துணி தோய்க்கறப்போ அவ உள்பாடில கறை பாத்தேன். ஒருதபா இல்ல, நாலு தபா" என்றார். "அவளே சொல்லட்டும், நிக்காஹ் முடியட்டும்னு நானும் கம்முனு இருந்துட்டேன் பேட்டா. உனுக்குத் தெரியாதுன்னு நீ சொன்னப்போ, நான் ஒருத்திதான் பாவின்னு நினைச்சேன்."

டீ கொண்டுவந்த உன் தங்கை கதவோரத்தில் நின்றிருந்தாள். என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தட்டில் மூன்று கிளாஸ் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

நாவலை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவும் போவதில்லை. கொலைகாரன் யார் என்று இந்தமுறை நான் சரியாகச் சொல்வேன், ஆனால் கத்தரியை எடுக்க நீ இல்லை.

லைனில் இப்போது எனக்கு ஓட்டவாய் என்று பெயர். ஆலங்காயத்திலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி போன மாதம், "அக்கா, சளியில ரத்தம் வருது, யாராண்டயும் சொல்லாதீங்க" என்றாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப்போய் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது டி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். போகட்டும். தன் காலால் நடந்து போகிறாள்.