கஞ்சி போட்ட செட்டை

1944 ஜூலை 5

சீனக்குடா விமானத் திடலில் வேலை கிடைத்துவிட்டது. திருகோணமலைக் கடைத்தெருவில் பதினாறு வருடம் கோட்டும் காற்சட்டையும் தைத்தவன், இன்று முதல் விமானத்துக்குத் தைக்கிறேன்!

ஆட்களைப் பழக்குகிற சின்ன விமானம். பறவைக்குச் சிறகு மாதிரி மேலே ஒரு சோடிச் செட்டை, கீழே ஒரு சோடி, இடையில் கட்டையும் கம்பியும். செட்டைக்குள்ளே மர விலாக்கள். வெளியே வெறும் லினன் துணி. இதை நம்பியா மனிசர் மேலே போகிறார்கள்?

முன்னுக்கு வாத்தியார் இருப்பார், பின்னுக்குப் பழகுகிறவர். இருவருக்கும் ஒவ்வொரு பிடி. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். கதைக்க ஒரு குழாய். கிளிவெட்டியில் இருக்கிற என் மனிசி அன்னலட்சுமிக்கும் எனக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவள் ஏசத் தொடங்கினால் கழற்றி வைக்கலாம்.

ஜூலை 8

கீழ்ச்செட்டை ஒன்றுக்கு உறை தைத்தேன். இனி அதற்கு ஜெமீல் டோப் பூசுவார். கிண்ணியாக்காரர், முன்பு தோணிகளுக்குப் பாய் தைத்தவர். டோப் என்பது மூக்கைத் துளைக்கிற ஒரு வார்னிஷ். காயும்போது துணியை இறுக்குமாம்.

வெட்டமுன் துணியை நனைத்து, மெல்லிய கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரியும் போட்டேன். யாரும் சொல்லவில்லை. புதுத்துணியை நனைக்காமல் வெட்டுகிறவன் தையற்காரனா?

ஜூலை 12

டோப் பிடிக்கவில்லை. தோல் தோலாக உரிகிறது, துணி தொய்ந்து கிடக்கிறது. டோப்பில் தண்ணீர் கலந்துவிட்டாய் என்று, கொட்டகைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரச் சார்ஜன்ட், ஜெமீலைப் பிடித்துக்கொண்டார். நாளையோடு வேலை இல்லையாம். நாலு பிள்ளைக்காரன்.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளைப் பொருக்கு. என்ர கஞ்சி. அதுதான் டோப்பைத் துணிக்குள் ஊற விடவில்லை.

வாய் திறந்தேனா? இல்லை. சீ, நானும் ஒரு மனிசன்!

ஜூலை 13

சார்ஜன்டிடம் போய்ச் சொல்லிப்போட்டன்.

"கஞ்சி போட்டது நான். அந்த மனிசனில ஒரு பிழையும் இல்லை. இன்னொரு செட்டை தாங்கோ, பிழைச்சால் என்னை அனுப்புங்கோ."

கந்தோரில் எழுதுகிற கிளாக்கர் மொழிபெயர்த்தார். சோற்றுத் தண்ணீரா என்று சார்ஜன்ட் இரண்டு தரம் கேட்டார். முகம் சிவந்து போயிற்று. பிறகு, சரி, ஆனால் இந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு என்றார்: புதுச் செட்டை தைத்தவன் அது முதல் பறக்கும்போது முன்னிருக்கையில் ஏற வேண்டும். ஓம் என்றேன்.

ஜெமீலுக்கு வேலை தப்பியது. "நேத்தே சொல்லியிருக்கலாமே, டெய்லர்," என்றார். அவ்வளவுதான். அதுவே செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஜூலை 19

நனைக்கவில்லை. கை துடித்தது, ஆனாலும் நனைக்கவில்லை.

மெழுகு நூலால் ஒவ்வொரு விலாவோடும் துணியைச் சேர்த்துத் தைத்தோம். நான் மேலிருந்து ஊசி விட, ஜெமீல் கீழிருந்து திருப்பி விட்டார். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது கழலாது. முடிச்சை இறுக்குகிற விதம் அவர் பாயில் பழகியது. ஆள் கெட்டிக்காரன்.

டோப் காயக் காயச் சுருக்கமெல்லாம் ஓடி மறைந்தது. சுண்டினேன். மேளம் மாதிரிச் சத்தம்!

ஜூலை 22

பறந்தேன்! நான், ஆனந்தராசா, பறந்தேன்!

ஒருவர் முன்விசிறியைக் கையால் சுழற்றிவிட, விமானி பின்னிருக்கையில் இருந்து ஓட்டினார். நிலம் விட்டதே தெரியாது. என் கண் முழுக்கச் செட்டையில்தான். நாலு முறை சரிந்து திரும்பினார். ஒரு முடிச்சு அசையவில்லை. பிறகுதான் கீழே பார்த்தேன்: குடா நிறையச் சாம்பல் நிறக் கப்பல்கள். குழாயில் விமானி "குட்?" என்றார். "ஓம், குட்!" என்று கத்தினேன். அவருக்குக் காது அடைத்திருக்கும்.

இறங்கியதும் ஜெமீல் என்னைக் கட்டிப்பிடித்தார். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஓகஸ்ட் 30

ஐந்தாவது செட்டை முடிந்தது. சார்ஜன்ட் செட்டையைப் பார்க்காமலே சோதனைத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகப் புறப்பட்டார். நான் விடவில்லை. திருப்பிக் கூப்பிட்டு, ஒவ்வொரு முடிச்சாகக் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.