டில்லிபாபு கடைத் திராட்சைக்கும் ஓர் ஊர் உண்டு

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு, அடையாறு பழக்கடையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், பிரான்சுக் குளிரில் உனக்கு வந்த மூக்கடைப்பு விட்டதா என்பதுதான் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஈக்காட்டுத்தாங்கல் டாக்டர் சொன்ன பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள். போன் செய்தால் நீ பஸ்ஸில் இருக்கிறேன் என்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ஒயின் கம்பெனியைப் பற்றிச் சொன்னாயே, பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைதான், ஆனாலும் பாட்டிலில் ஊர்ப்பெயர் போட உரிமை உள்ளது மட்டும் இரண்டு மடங்கு விலைக்குப் போகிறது என்று. அந்தப் பெயர் ஒரு முதலாளிக்குச் சொந்தமில்லை, அங்கே கொடி வளர்க்கிற எல்லாருக்கும் பொது, ஒருவர் ஏமாற்றினாலும் எல்லாருக்கும் விலை விழும் என்றாய். அன்றைக்கு வெறுமனே உம் கொட்டினேன், இப்போது அதே விஷயம் நம் கடை வாசலுக்கே வந்துவிட்டது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு, அந்த ஊர்ப் பழத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் என்கிற புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஜனங்கள் ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், கொஞ்சம் கூடக் கொடுக்கவும் தயங்குவதில்லை. அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கடை டில்லிபாபு, கர்நாடகத்திலிருந்து வந்த கறுப்புத் திராட்சைப் பெட்டிகளில் 'கம்பம் பன்னீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி நம்மைவிடக் குறைத்து விற்க ஆரம்பித்தான். பார்வைக்கு இரண்டும் கறுப்பு, இரண்டிலும் கொட்டை, யாருக்கு வித்தியாசம் தெரியும். நம்மிடம் இருந்த நிஜக் கம்பம் சரக்கு தேங்கிப் போனது. எப்போதும் நம்மிடமே வாங்குகிற ஹாஜிரா பீ அக்காகூட அங்கே போய்விட்டார். அம்மாவோ, "நீயும் அந்தச் சரக்க எடுத்து ஒட்டிட்டுப் போயேன்யா, வாடகை ஏறிக்கினே போவுது" என்றாள். எனக்கும் ஒரு நாள் கை துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து, நமக்குப் பழம் அனுப்புகிற கம்பம் விவசாயி அய்யாதுரை, அசோக் நகரில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர் கடைக்கும் வந்தார். எதிர்க்கடை ஸ்டிக்கர் கண்ணில் பட்டதும் நேராகப் போய் ஒரு பழத்தை வாயில் போட்டார். சண்டை வந்துவிடும் என்று நான் பின்னாலேயே ஓடினேன், ஆனால் அவர் குரல் உயரவே இல்லை. "தம்பி, இது எங்க ஊர்ப் பழம் இல்லப்பா. நீங்க எங்க பேர்ல இந்த வெலைக்கு வித்தா, மெட்ராஸ்லயே இவ்வளவுதான்னு வியாபாரி எங்ககிட்ட கொறச்சுக் கேக்குறான். பறிகூலிகூடக் கட்டல, இந்தத் தடவ பலபேரு கொடியிலேயே விட்டுட்டோம்" என்றார். டில்லிபாபு முகம் செத்துப்போனது. "இன்னா நைனா பண்றது, பேரு இல்லாத சரக்க எவன் வாங்குவான், எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது" என்றான்.

அப்போதுதான் பெங்களூர்த் திராட்சைக்கும் குறியீடு உண்டு என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "பேரு இல்லன்னு யாரு சொன்னா? இது பெங்களூர் ப்ளூ. அதுக்கும் அந்த ஊர்க்காரங்க குறியீடு வாங்கிக்கீறாங்க, ஜூஸுக்கு அதான் தூக்கலா இருக்கும்" என்றேன். அவன் நம்பாமல் போனில் தேடிப் பார்த்தான். மறுநாள் காலை நான் கடை திறக்கும்போது, உட்கார்ந்து ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். சாக்பீஸால் 'பெங்களூர் ப்ளூ, ஜூஸுக்கு' என்று பலகையும் எழுதி வைத்தான். முதலில் வியாபாரம் படுத்துவிட்டது, பாவமாக இருந்தது. பிறகு கிண்டியில் ஜூஸ் கடை வைத்திருக்கும் மெஹபூப் அலி பெட்டி பெட்டியாக எடுக்க ஆரம்பித்தார். நமக்கும் பழைய கூட்டம் முழுசாகத் திரும்பவில்லை, ஹாஜிரா பீ அக்கா மட்டும் வந்துவிட்டார், பழம் நன்றாக இருக்கிறது, விலைதான் கசக்கிறது என்கிறார். அய்யாதுரை ஊரில் விவசாயிகள் சேர்ந்து தங்கள் முத்திரையோடு நேராக நமக்கே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். லாரி வாடகை நம் பொறுப்பு, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு அம்மா டில்லிபாபு கடையில் கம்பம் பன்னீர் கேட்டார்கள். கையில் பணத்தோடுதான் நின்றார்கள். அவன் ஒன்றும் யோசிக்காமல் நம் கடைப் பக்கம் கைகாட்டினான். எடை போடும்போது எனக்குத் தராசு முள் சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. பாஸ்போர்ட் புதுப்பிக்க மறந்துவிடாதே. உனக்கு எந்தக் குறையும் வராமல் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் அன்பு அப்பா,
சின்னப்பையன்