அரை மணி நேரம் போதும் என்றார் டாக்டர்

2 ஜூன் 2025, திங்கள்
கிள்ளான் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவு கொடுத்தார்கள். இனிப்புநீர் நோய் வரும் எல்லையில் நிற்கிறேனாம். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும் என்றார் டாக்டர். அரை மணியா? அதைத்தான் என் மனைவி அமுதவள்ளி தினமும் பூங்காவில் செய்கிறாள். காய்கறி வாங்க பாசார் போய்வந்தாலே அவ்வளவு ஆகிவிடும். நான் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

9 ஜூன்
காலையில் ஒன்றரை மணி நேரம், வேலை முடிந்து இரண்டு. ஆபீஸ் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது. வலி இருந்தால் முன்னேற்றம் என்கிறார் பயிற்சியாளர் பிரவின். அப்படியானால் நான் பயங்கரமாக முன்னேறிக்கொண்டிருக்கிறேன்.

18 ஜூன்
தூக்கம் இல்லை. சளி விடவில்லை. ஆரோக்கியமாக இருப்பது இவ்வளவு கஷ்டமா? வியர்வையில் நனைந்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று மச்சான் ராஜன் கேட்டிருக்கிறான்.

27 ஜூன்
இன்று ஓய்வெடுங்கள் அண்ணே என்று பிரவினே சொல்லிவிட்டார். அவர் போனபிறகு முந்நூறு ஸ்குவாட்.

28 ஜூன்
காலையில் சிறுநீர், பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. அமுதவள்ளியிடம் மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் கழிவறையிலிருந்து எழ முடியவில்லை — கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

30 ஜூன், ஆஸ்பத்திரி
மூன்றாவது நாளாக டிரிப். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கப் பார்த்ததாம். டாக்டர் விஷ்ணுப்ரியா என் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"அங்கிள், உங்கள யாராச்சும் தொரத்துனாங்களா?"

சிரித்தேன். அவர் போனபின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆமா லா, தொரத்துனாங்க. அப்பா நாற்பத்தெட்டு வயதில், லோரி ஓட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலியில் போனார். எனக்கு நவம்பரில் நாற்பத்தெட்டு. இதை அமுதவள்ளியிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள். வெகுநேரம் என் கையை விடவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு
சிறுநீரகம் தப்பித்தது. டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து அமுதவள்ளியோடு தினமும் அரை மணி நேர நடை. ரத்தத்தில் இனிப்பும் குறையத் தொடங்கியிருக்கிறது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

இந்த வேகத்தில் பேசுவதற்கு மூச்சு மிஞ்சுகிறது. அமுதவள்ளி தன் கிளார்க் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கேட்டரிங் தொடங்க வேண்டுமென்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

கார் நிறுத்திய இடத்துக்கு வந்துவிட்டோம். அரை மணி நேரம் முடிந்திருந்தது. இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தாள்.

"என்னென்ன சமைப்பேன்னு நீ இன்னும் சொல்லலையே," என்றேன்.

மெதுவாகத்தான் நடந்தோம்.