சின்னது ஒன்று, பெரியது ஒன்று

2006 ஜூலை 12, புதன்

கண்ணைக் காட்டப் போனால் விரலைக் குத்துகிறார்கள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், இடது கண்ணிலும் ஆரம்பமாம். எடுத்துவிட்டால் பளிச்சென்று தெரியும் என்று சொன்ன அதே டாக்டர், ரத்தச் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். "சாப்பிட்ட பின்னால 318 இருக்குதுங்க. இருநூறுக்குக் கீழ கொண்டுட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன்." எனக்குச் சர்க்கரை இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த பட்டம்.

போன வாரம் பனியன் கம்பெனியில் எட்டு வயது சைஸ் பெட்டிக்குள் ஆறு வயது சைஸ் டி-சர்ட்டுகள் போனதற்கு நான்தான் காரணம். லேபிளில் ஆறும் எட்டும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. முதலாளி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "தண்டாயுதபாணியண்ணா, தீபாவளி வரைக்கும் பாருங்க. கண்ணு சரியாகலீன்னா கேட்டுல உக்காந்துக்குங்க, ஒண்ணும் தப்பில்லீங்க" என்றார். இருபத்தாறு வருடம் பேக்கிங் செக்‌ஷனை மேய்த்தவன் நான். கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவா?

ஜூலை 13, வியாழன்

சர்க்கரை டாக்டரிடம் போனோம். சோறு ஒரு கிண்ணம், காய் இரண்டு கிண்ணம், ராகியோ கம்போ ஆனாலும் அளவுதான், டீக்குச் சர்க்கரை கூடாது, காலையில் அரை மணி நேரம் நடை. ஞானாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என் மேல் அவளுக்குக் கிடைத்த முதல் அதிகாரம்.

மருந்துக்கடையில் மூன்று வகை மாத்திரைகளையும் ஒரே காகிதக் கவரில் போட்டு மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுத்தார்கள். பார்த்ததும் மனம் குளிர்ந்தது. நான் தினமும் படிக்கிற பாஷை! ஒரு பெட்டிக்குள் ஸ்மால் எத்தனை, மீடியம் எத்தனை, லார்ஜ் எத்தனை என்று ரேஷியோ போடுவதைப் போலவே போட்டிருக்கிறார்கள். கவருக்குள்ளும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சைஸ். சின்னது ஒன்று, நடுத்தரம் இல்லை, பெரியது ஒன்று. காலைப் பலகாரம் முடிந்ததும் இரண்டையும் போட்டுக்கொள்ள வேண்டியது. சைபர் போட்ட மாத்திரையை எதற்குக் கொடுத்தார்கள் என்றுதான் புரியவில்லை. கடைக்காரர் தலையில் கட்டியிருப்பார்.

ஜூலை 20

சர்க்கரை இல்லாத டீ. இதற்குக் கழுநீரே மேல்.

ஆகஸ்ட் 5, சனி

வீட்டிலிருந்து வேலம்பாளையம் பிரிவு வரைக்கும் நடந்து திரும்பினேன். தெருவில் பாதிப் பேர் நடக்கிறார்கள். எல்லோருக்கும் சர்க்கரை, எல்லோரும் அடுத்தவர் சர்க்கரையைக் கேட்கிறார்கள். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, இளைத்திருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

281.

ஒரு மாதம் நாக்கைக் கட்டிப் போட்டதற்கு இவ்வளவுதான் இறங்கியதா? டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று பழனி முருகன் மேல் சத்தியம் செய்தேன். "அப்பச் சாப்பாட்டுல எங்கியோ ஓட்டை இருக்குதுங்க" என்றார். பக்கத்தில் இருந்த ஞானாம்பாள் என்னைப் பார்த்த பார்வை!

இத்தனைக்கும் மாத்திரை வீணாகக்கூட இல்லை. ஒரு மாதத்துக்கு என்று வாங்கியது, இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. எண்ணத் தெரியாத கடை போல.

ஆகஸ்ட் 19, சனி

பிடிபட்டேன். எதிர்வீட்டு ஜானகியம்மாள் பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தம் கொடுத்திருந்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று ஒரு கரண்டி வாயில் போட்டேன். சரி, மூன்று கரண்டி. ஞானாம்பாள் வாசற்படியில் நின்று கேட்டாள்: "ஏனுங்க, முருகன் குடுத்தாச் சக்கரை ஏறாதுங்களா?"

இனி என் சட்டைப் பைக்குத் தினமும் சோதனையாம்.

செப்டம்பர் 4, திங்கள்

இன்று முதலாளி கேட்டில் புது நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னதான் செய்யறது? சோத்தைக் குறைச்சாச்சு, நடந்தாச்சு, மாத்திரையும் முழுங்கியாச்சு. எறங்க மாட்டேங்குதே! இன்னைக்கு லேபிள் பார்க்க நாகஜோதியைக் கூப்பிட்டேன். என் செக்‌ஷனில் வேலை பழகின பெண், எனக்குப் படித்துச் சொல்கிறாள். அவள் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அழுகை வந்தது. பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 6, புதன்

இதை எப்படி எழுதுவது? சிரிப்பு அடங்கவில்லை.

காலையில் மாத்திரை போட மறந்து, கவரைக் கையோடு கம்பெனிக்குக் கொண்டு போயிருந்தேன். பதினொரு மணி டீயின்போது புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ரேஷியோவைத் தப்பாகப் படித்துப் பெட்டி கட்டியதைக் கண்டுபிடித்தார்கள். நான் விடுவேனா? "எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டு, அதே சூட்டில் இரண்டு மாத்திரையையும் வாயில் போட்டேன். நாகஜோதி பார்த்துவிட்டாள். தேனிப் பக்கத்துப் பெண், அவள் மாமனாருக்கும் சர்க்கரை.

"ஏண்ணே, ராத்திரிக்கும் இதே மாதிரி ரெண்டு உண்டாண்ணே?"

"ராத்திரிக்கு எதுக்கு? ரேஷியோ போட்டிருக்குதே. சின்னது ஒண்ணு, மீடியம் இல்ல, பெருசு ஒண்ணு."

கவரை வாங்கிப் பார்த்தாள். அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அட முருகா! காலையில ஒண்ணு, மத்தியானம் கெடையாது, ராத்திரி ஒண்ணுண்ணே! எல்லா மாத்திரைக்கும் அதான் கணக்கு. இதுல சைஸ் எங்கிட்டு வந்துச்சு?"

செக்‌ஷன் மொத்தமும் சிரித்தது. நான் திட்டிய புதுப் பெண்தான் அதிகம் சிரித்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்றேன். "சறுக்கும்ணே, ரெண்டு மாசமாவா சறுக்கும்?" என்றாள் நாகஜோதி.

சாயங்காலம் நேராக டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாதி மருந்தில்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். நடுத்தர சைஸ் மாத்திரை கால் மதமதப்புக்கான சத்து மாத்திரையாம், அதுவும் இரண்டு வேளையாம். "இன்னைக்கு ராத்திரியிலிருந்து சரியாப் போடுங்க. வேளைக்குச் சாப்பிட்டுருங்க, பட்டினி கிடக்காதீங்க. கைகால் நடுங்கி வேர்த்துதுன்னா ஒடனே சக்கரையைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டு என்கிட்ட வாங்க." பிறகு அந்தக் கவரைத் தமக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, வியாழன்

வீட்டில் சொன்னேன். "பார்த்தியா, ரெண்டு மாசமா என்னையத் திருடனாட்டப் பார்த்தியே!" என்று எகிறினேன். ஞானாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அந்தப் பஞ்சாமிர்தமும் ரேஷியோவுல வருதுங்களா?" என்று கேட்டாள்.

கம்பெனியில் எனக்கு இப்போது 'மீடியம் இல்லாத அண்ணன்' என்று பேர். கேட்கிற நேரத்தில் கோபம் வருகிறது, வீட்டுக்கு வந்து நினைத்தால் சிரிப்பு வருகிறது.

செப்டம்பர் 23, சனி

226. ஒரு சுற்றுக் கூடுதலாக நடந்தேன்.

அக்டோபர் 7, சனி

186! நூற்று எண்பத்தாறு!

சீட்டை நானே படித்தால் நம்ப முடியாது என்று லேப்பில் இருந்த பெண்ணிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். ஆறா எட்டா என்று வேறு கேட்டேன். "ரெண்டுமே இருக்குதுங்க சாமி" என்றாள். அங்கேயே அவளைக் கும்பிட்டேன். தீபாவளி லீவிலேயே, இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன். முதலாளியிடம் போனில் சொன்னேன். "அப்ப லீவு முடிஞ்சதும் பேக்கிங்குக்கே வந்துருங்க" என்றார். போனை ஞானாம்பாளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

நேற்றுத் தீபாவளி. அதிரசத்தில் பாதி. மீதிப் பாதியை என் கண் முன்னாலேயே அவள் சாப்பிட்டாள். ரசித்து, மெதுவாக. இதற்குப் பெயர் பத்தியம் இல்லை, பழி வாங்குவது.

அக்டோபர் 26, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். சுவர் இவ்வளவு வெள்ளையா! தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, எழுதவும் கூடாதாம். இது ஒரு வரிதானே.

நவம்பர் 13, திங்கள்

இன்றுதான் வேலைக்குப் போனேன். முதல் பெட்டியிலேயே ஒரு ஆறு, எட்டுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தது. நாலடி தூரத்தில் இருந்தே பிடித்துவிட்டேன். நான் போட்ட சத்தத்தில் தையல் செக்‌ஷனே திரும்பிப் பார்த்ததாம். "போச்சுடி, அண்ணனுக்குக் கண்ணு வந்துருச்சு" என்றாள் நாகஜோதி.

டிசம்பர் 3, ஞாயிறு

நேற்று 172. இன்று புதுக் கண்ணாடி வந்தது.

போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். காலண்டர், கடிகாரம், மூலையில் ஒட்டடை. ஞானாம்பாள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நின்றாள்.

"ஏம்புள்ள, உனக்கு எப்ப இத்தனை நரைச்சுது?"

"மூணு வருசமாச்சுங்க. நீங்கதான் பார்க்கலீங்க." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "கண்ணாடியக் கழட்டுங்க. தெரியாம இருந்ததே நல்லாத்தான் இருந்துதுங்க."

"அழகாத்தான் இருக்குது" என்றேன். இதற்கு முன் அவளிடம் இப்படி எப்போது சொன்னேன்? சொன்னேனா என்றே ஞாபகமில்லை.

உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்துத் தம்ளரை எடுக்க வந்தபோது தலையில் பூ இருந்தது.