தாடைக்கு அடியில் ஒரு துடிப்பு

இன்று காலை ஒரு பசுவின் வாலடியில் ஸ்பிரிட் தடவினேன். அந்த நெடியோடு நீயும் வந்து நின்றாய். கால்நடை மருத்துவர்களாக நாம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் காஞ்சிபுரத்தைச் சுற்றிய காலம். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வழி சொல்வாய். ஒருநாளாவது சரியான வழி சொல்லியிருக்கிறாயா?

முசரவாக்கத்துப் பசுவை நீ மறந்திருக்க மாட்டாய். கன்று போட்ட கையோடு கருப்பையும் வெளியே வந்துவிட்டது. முக்கலை நிறுத்த, வாலடியில் முதுகுத்தண்டுக்குள் மயக்க ஊசி போட்டோம். கருப்பையைக் கழுவி நான் உள்ளே தள்ளி முடித்தபோது பசு தலையைச் சாய்த்து அடங்கிக் கிடந்தது. வீட்டுக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் ஏற்றினார்.

"பாரும்மா, எவ்ளோ சமத்தா தூங்கிக்கினு இருக்குது."

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நீ மட்டும் அதன் தாடைக்கு அடியில் விரல் வைத்தாய்.

"நாடி கெடைக்கலடி. சீக்கிரம் சலைன ஏத்து!"

"பாவம், எழுப்பாதீங்கமா" என்று அந்த அம்மா தடுத்தார்.

தண்டுக்குள் போகும் அந்த மருந்து வலியை மட்டும் அடக்குவதில்லை. தண்டில் மேலே ஏறிவிட்டால், இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் அடக்கிவிடும். குழாய்கள் தளரும், அழுத்தம் விழும், இதயம் சுணங்கும். பார்ப்பவர்களுக்கு அது தூக்கம். நானும் படித்ததுதான், ஆனால் விரல் வைக்கத் தோன்றியது உனக்கு.

சலைன் இறங்கி முடியும்வரை நீ கையை எடுக்கவில்லை. கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது. திடீரென்று கத்தினாய்: "இருக்குதுடி!" பசு காதை ஆட்டியது. நீ சாணியிலேயே உட்கார்ந்து அழுதாய். வீடு திரும்பும்போது, "மனுஷங்க சும்மா இருந்தா சந்தேகப்படுறோம், மாடு சும்மா இருந்தா மட்டும் சந்தோஷப்படுறோம்" என்றாய்.

உன் கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீயும் அப்படித்தான் சாந்தமாகக் கிடந்தாய். "இப்பதான் வலி இல்லாம தூங்குறா, எழுப்பாதம்மா" என்றார் உன் அம்மா. என் விரல் அதற்குள் உன் மணிக்கட்டில் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தேன். பிறகு உன் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தேன். அந்தத் தூக்கத்தை அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைக்கத் தோன்றியது.

இன்றைய பசுவும் ஊசிக்குப் பிறகு அடங்கி நின்றது. வீட்டுக்காரர் சிரித்தார். நான் தாடைக்கு அடியில் விரல் வைத்துக் காத்திருந்தேன். துடிப்பு தட்டியதும், பக்கத்தில் நீ இல்லை என்பதையும் மறந்து திரும்பிச் சொன்னேன்: "இருக்குதுடி."