நூறு சதவீத முத்திரையும் உன் சித்தியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். உடம்பைத்தான் சொன்னேன், மனசைக் கேட்காதே, அது சித்தியை நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறது.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் வேலையை நான்தான் முதலில் ஆரம்பித்தேன், என்னிடம் கற்றுக்கொண்டுதான் அவள் தனி ஆபீஸ் போட்டாள், உனக்கே தெரியும். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் தன் அப்பாவுக்கு ஆள் கேட்டு வந்தார். நம் வெப்சைட்டில் 'நூறு சதவீதம் நம்பகமானவர்கள்' என்று தங்க நிறத்தில் ஒரு முத்திரை வைத்திருக்கிறாயே, அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் திறக்கவில்லை. இது யார் கொடுத்தது என்று கேட்டார். என் மகன் வரைந்தது என்றா சொல்ல முடியும்? எங்கள் வார்த்தைதான் உத்தரவாதம் என்றேன். "உங்களை நம்பறேம்மா, ஆனா பேச முடியாத மனுசனை விட்டுட்டு நான் ஆபீஸ் போகணுமே" என்று எழுந்தவர், நேராகப் போய்ச் சித்தியிடம் ஆள் எடுத்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று அவள் வெப்சைட்டைத் திறந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன், உன்னிடம் என்ன மறைப்பு. ஒவ்வொரு பெண்ணின் போட்டோவுக்குக் கீழும் சான்றிதழ் எண் இருக்கிறது, அதைத் தொட்டால் பயிற்சி நிலையத்தின் சொந்தப் பக்கமே திறந்து அதே பெண்ணைக் காட்டுகிறது. ஆள் தாமதமாக வந்ததாக ஒருவர் திட்டி எழுதியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், கீழேயே அவள் மன்னிப்புக் கேட்டு, மாற்று ஆள் அனுப்பியதைச் சொல்லியிருந்தாள், சந்தோஷம் போயிற்று. போதாததற்கு, எங்களைப் பற்றி இவர்களிடமே கேளுங்கள் என்று சம்மதம் தந்தவர்களின் போன் நம்பர் வேறு. இதாவது பொய்யாக இருக்கும் என்று அதில் இருந்த ஒரு தையல்காரரைப் போனில் கூப்பிட்டு, வீட்டுக்கு ஆள் தேடுகிறவள் மாதிரி பேசினேன். அவர் சித்தியைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, "அவங்ககிட்ட ஆள் இல்லைன்னா அவங்க அக்காகிட்ட கேளுங்க, படுக்கையில இருக்கறவங்களைத் தூக்கி உக்கார வைக்கறதுல அக்காவை மிஞ்ச ஆளில்லைன்னு அவங்களே சொன்னாங்க" என்றார். என்னைப் பற்றி ஏதாவது கோள் சொல்லியிருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இப்படி நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று வயிறு இன்னும் எரிந்தது. அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

மறுநாளே நம் பெண்கள் எல்லாரையும் சான்றிதழோடு வரச் சொன்னேன். நம் ஒட்டகச்சிவிங்கி இருக்கிறாளே, அந்த நெட்டைப் பெண், அவள் பக்கவாத நோயாளிகளுக்கென்றே தனிப் பயிற்சி முடித்திருக்கிறாள், பயிற்சி நிலையத்தின் வெப்சைட் பக்கத்திலேயே அவள் பெயர் பளிச்சென்று இருக்கிறது. சித்தியிடம் அப்படி ஒருத்திகூட இல்லை, நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்! நேற்று பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாருக்கு ஆள் தேடி வந்த ஒரு டீச்சரிடம் நம் பெருமை ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன், அவளையே அனுப்பிடுங்கம்மா என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த முத்திரையை எடுத்துவிடு. சான்றிதழ்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், எண்களைச் சரியாகப் போடு. சான்றிதழ் இன்னும் வராத புதுப் பெண்ணுக்குப் பயிற்சியில் இருக்கிறாள் என்றே போடு, பூசி மெழுகாதே. திட்டி எழுதுபவர்களுக்கும் இடம் விடு. ஒட்டகச்சிவிங்கியை எல்லாருக்கும் மேலே வை.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூடவேண்டும். சித்திக்கு மறக்காமல் போன் பண்ணு, அவளுக்கு உன்மேல் கொள்ளைப் பிரியம். பேச்சுவாக்கில் நம் வெப்சைட்டை ஒரு தடவை பார்க்கச் சொல். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா