துறைமுகக் காட்சியில் என் முதுகு

ஞாயிறு, இரவு.

தேநீர்க் கடையில் இன்று அந்தப் பெரிய இயக்குநரின் ஒன்பது படங்களையும் அலசினோம். எது மோசம் என்று கடைக்கார நசீர் நானா கேட்டார். நமது துறைமுகத்தில் எடுத்ததுதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருவனாக நான் தலைகாட்டிய ஒரே படம் அது. தேநீர்க் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஆனா அதில ஒரு காட்சி இருக்கு," என்றார் நானா. "கப்பல் போகுது, எல்லாரும் பின்னால ஓடுறாங்க, ஒருத்தன் மட்டும் அசையாம நிக்கிறான். அவன்ட முதுகே கண்ணீர் விடுது!"

"அது நான்தான், நானா!"

"இவ்வளவு காலமா ஏன் சொல்லேல்ல, தம்பி?"

கடையே கைதட்டியது. வீடு வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். படப்பிடிப்பன்று செருப்பு வார் அறுந்ததால்தான் ஓடாமல் நின்றேன் என்பதை இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன்.